வெளிச்சவீட்டுக்கு ஒரு போத்தல் எண்ணெய்

எனக்கு எழுத்துச் சரியாக வராது, ஞாபகமும் தவறும், பொறுத்துக்கொள்ளுங்கள். இளவயதில் வல்வெட்டித்துறையிலிருந்து வள்ளத்தில் பருத்தித்துறை பார்க்கப் போனேன். எனக்கு முன்னால் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். அவள் மடியில் தேங்காயெண்ணெய்ப் போத்தல்.

“உது ஆருக்கு?” கணவர் கேட்டார்.

“வெளிச்சவீட்டுக்கு.”

“உமக்கென்ன விசரே? அதென்ன கோயிலே?”

“அண்டைக்குப் புயலுக்கை உங்கடை தோணிக்குக் கரை காட்டினது ஆர்? நீங்கள் உயிரோடை வந்தால் எண்ணெய் ஊத்துறன் எண்டு நேந்தனான்.”

“சனம் சிரிக்கப்போகுது.”

“சிரிக்கட்டும். சிரிக்கிறதுக்கு நீங்களும் இருக்கிறியள்தானே.”

கரையில் இறங்கியதும் வெளிச்சவீட்டுக் காவற்காரரிடம் அவளே போத்தலை நீட்டினாள்.

“பிள்ளை, பெரிய விளக்கு மண்ணெண்ணெயிலையல்லோ எரியுது. உதை ஊத்தினால் நூந்துபோம்.”

“அப்ப என்ரை நேர்த்தி?”

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுப் போத்தலை வாங்கினார். “நான் படியேறுற கைவிளக்குக்கு ஊத்துறன். அது எரிஞ்சால்தானே நான் மேலை போய்ப் பெரிசைக் கொளுத்தலாம்.”

கணவர் தோளில் கிடந்த சால்வையை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, வெளிச்சவீட்டை அண்ணாந்து பார்த்துக் கும்பிட்டார்.

பெரிய விளக்கு அப்போது மண்ணெண்ணெயில்தான் எரிந்ததா என்று தெரிந்தவர்கள் யாராவது பார்த்துத் திருத்திவிடுங்கள்.