காலையிலிருந்து அதே இருக்கையில்

பொன்னேரியில் பழவேற்காட்டுக்குப் புறப்படவிருந்த பேருந்தில் நான் ஏறியபோது முக்கால்வாசி இருக்கைகள் நிறைந்திருந்தன. மூட்டையுடன் ஏறிய நடுவயதுப் பெண்மணி, சன்னலோரம் அமர்ந்திருந்த பெரியவரைக் கண்டதும் நின்றுவிட்டார்.

“இன்னா கண்டக்டரே, காலைல நான் மருந்து வாங்க வந்து எறங்கச்சயே இவரு இதே சீட்ல குந்திகினு இருந்தாரே. இன்னுமா ஊருக்குப் போவல?”

“அவரு போய்ட்டு வந்துட்டாரும்மா.”

“வந்தவரு எறங்க மாட்டாரா? பஸ்ஸு ரொம்பிடுச்சின்னு எங்களை நம்ப வெக்கத்தானே இவரைக் குந்த வெச்சிருக்கே? பொழுது சாஞ்சா பழவேற்காட்லேர்ந்து எங்க தீவுக்குப் படகு கெடையாது. அங்க என் புள்ள ஜொரத்துல கெடக்கறான்.”

“இன்னும் அஞ்சாறு பேரு வந்தா எடுத்துடுவோம்.”

“அப்ப இவருக்கும் ஒரு டிக்கெட்டு கிழி. பழவேற்காடு வரைக்கும் கூட வரட்டும்.”

பெரியவர் பதறினார். “எனக்கு அங்க வேலை இல்லம்மா.”

“இங்க மட்டும் இன்னா வேலை நைனா?”

அவர் எழுந்து இறங்கினார். அவரைத் தொடர்ந்து மேலும் பலர் இறங்கினர். அந்த அம்மாளும் நானும் இன்னும் இருவருமே மிஞ்சினோம். ஏற வந்த ஒரு குடும்பம் வெறிச்சோடிய வண்டியைப் பார்த்து, “இது இப்ப கெளம்பாது” என்று திரும்பிப் போயிற்று.

அந்த அம்மாள் மேற்கே சாயும் வெயிலைப் பார்த்தார். பிறகு சன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார்.

“நைனா, ஏறிக் குந்துங்க. உங்க ஆளுங்களையும் கூட்டிகினு வாங்க. சீக்கிரம்!”