கேட்டனக், 2004 பி

அகரவரிசை மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது. யாராவது ஒருவர் கடைசியில் நின்றுதான் ஆக வேண்டும். என் குடும்பப் பெயர் யூல், ஆங்கில எழுத்தில் கடைசிக்கு முந்தியது. பள்ளிக்கூடத்திலிருந்தே பழகிப்போன விஷயம். தேநீர் வேண்டாம், நன்றி. சொல்லி முடிக்க அதிக நேரம் ஆகாது.

இசபெல் கேட்டனக்கும் நானும் அபர்தீனில் ஒரே ஆய்வுக்கூடத்தில் இருபது வருஷம் வேலை பார்த்தோம். மருந்து உடம்பை விட்டு எவ்வளவு வேகத்தில் வெளியேறுகிறது என்று பார்ப்பது எங்கள் வேலை. எங்கள் துறையில் யார் எதைக் கண்டுபிடித்தார்களோ, அவர்கள் பெயரையும் ஆண்டையும் பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் போட்டாக வேண்டும். பெயர்களை அகரவரிசையில் போடுவது எங்கள் வழக்கம், அதனால் எங்கள் முதல் கட்டுரையை எல்லோரும் ‘கேட்டனக், யூல், 1989’ என்று எழுதினார்கள். அப்படி அச்சான ஒரு பக்கத்தைச் சமையலறைச் சுவரில் ஒட்டிவைத்திருந்தேன்.

பிறகு ஃபெர்கஸ் என்று ஒருவன் வந்து சேர்ந்தான். மூன்று பேர் ஆகிவிட்டால் முதல் பெயர் மட்டும்தான் நிற்கும், மீதிப் பேர் ‘எட் ஆல்’. லத்தீனில் ‘மற்றும் பிறர்’. அவன் இரண்டே வருஷத்தில் கனடாவுக்குப் போய்விட்டான். ஆனால் எங்களுக்குப் பேர் வாங்கித் தந்த கட்டுரைகள் அந்த இரண்டு வருஷத்தில் வந்தவை. அவற்றின் சோதனைகளில் பாதிக்கு மேல் நான் செய்தவை.

ஆல் என்பது எங்கள் பக்கத்தில் ஆண்பிள்ளைப் பெயர். இசபெல்தான் ஆரம்பித்துவைத்தாள்.

“ஏய் ஆல், டீ ஆறிப்போகுது. வாடி.”

“என் பேரு ரோனா.”

“கோச்சுக்காதடி. உலகத்துலயே அதிகமா பேரு அடிபடுற ஆளு நீதான். எந்தக் கட்டுரைய எடுத்தாலும் அதுல ஆல் இருக்காளே.”

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு என் பிறந்தநாள் கேக்கில்கூட அந்தப் பெயரைத்தான் எழுதினார்கள்.

பொறாமை என்று எழுதிக்கொள்கிறீர்கள். எழுதுங்கள். அவள் பெயர் தனியாக அச்சாகியிருப்பதைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும். ஆனால் அதற்கும் இதற்கும் முடிச்சுப் போடாதீர்கள். நான் விதிப்படிதான் நடந்தேன்.

2004இல் அவள் தனியாகவே இரண்டு கட்டுரை எழுதினாள். ஒரே ஆள், ஒரே ஆண்டு என்றால் ஆண்டுக்குப் பின்னால் ஏ, பி என்று போட வேண்டும். எது ஏ என்பதைத் தலைப்பின் முதல் எழுத்து தீர்மானிக்கும். பெரியவர்களுக்கான கட்டுரை ‘கிட்னி’ என்று தொடங்கியதால் அது ஏ. பச்சைக் குழந்தைகளுக்கானது ‘நியூபார்ன்’ என்று தொடங்கியதால் அது பி. மருத்துவமனைகளுக்கான மருந்துக் கையேட்டில் இரண்டும் இடம்பெற்றன. மேற்கோள்களைச் சரிபார்க்கும் பொறுப்பு என்னுடையது.

கையேடு அச்சுக்குப் போகும் வாரம் அவள் குழந்தைகள் கட்டுரையின் தலைப்பை மாற்றினாள். இப்போது ‘இன்ஃபன்ட்’ என்று தொடங்கியது. இன்ஃபன்டின் ஐ, கிட்னியின் கே எழுத்துக்கு முன்னால் வரும். எனவே குழந்தைகள் கட்டுரை ஏ, பெரியவர்கள் கட்டுரை பி. மேற்கோள் பட்டியலை மாற்றினேன். பின்பக்கத்து அட்டவணைகளையும் மாற்றினேன். அட்டவணைகளுக்குத் தலைப்பு கிடையாது, ‘கேட்டனக், 2004 ஏ’, ‘கேட்டனக், 2004 பி’ என்ற அடையாளம் மட்டும்தான். உள்ளே எண்கள் கிலோவுக்கு இவ்வளவு மருந்து என்றே இருக்கும். எது யாருக்கு என்று பார்த்தால் தெரியாது.

குழந்தைகள் அத்தியாயத்தில் ‘அளவுக்குப் பார்க்க: கேட்டனக், 2004 பி’ என்று ஒரு வரி உண்டு. அது அப்படியே நின்றுவிட்டது.

மறந்துவிட்டேன் என்று விசாரணைக் குழுவிடம் சொன்னேன். அது முழுக்கச் சரியில்லை. பெரியவர்கள் அத்தியாயத்தில் நான்கு இடங்களில் ஏ எழுத்தை பி என்று திருத்தியிருக்கிறேன். பச்சை மையில், என் கையெழுத்தில். அந்தத் தாள்களை நீங்கள் எடுத்துப் பார்க்கலாம்.

இசபெல் தொலைபேசியில் கேட்கவும் செய்தாள்.

“ரோனா, தலைப்ப மாத்திட்டேன்ல, ஏ, பி எல்லாம் பாத்துட்டியா?”

“பாத்துட்டேன்.”

“நீ இருக்கறப்ப எனக்கென்னடி கவலை.”

வேலை ஆக வேண்டும் என்றால் ரோனா. கவனித்தீர்களா?

ஒரு தவறு வெளிவரும், நாலு பேர் முன்னால் அவள் முகம் சிவக்கும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன். பச்சைக் குழந்தையின் சிறுநீரகம் மருந்தை மெதுவாகத்தான் வெளியேற்றும் என்பதும், பெரியவர்களின் அளவு அதற்கு மூன்று மடங்கு என்பதும் எனக்குத் தெரியும். தெரியாமல் எப்படி, அந்தச் சோதனைகளைச் செய்ததே நான்.

அடுத்த ஆண்டு பிப்ரவரியில் முதல் குழந்தை போயிற்று. அன்றைக்கே ஒரு திருத்தச் சீட்டு அனுப்பியிருக்கலாம். ஒரு வரி, ஓர் எழுத்து. யோசித்துப் பார்த்தேன். ஒரு குழந்தை என்றால் அந்த வார்டின் கவனக்குறைவு என்று சொல்லி முடித்துவிடுவார்கள். யாரும் கையேட்டைப் புரட்டி அடைப்புக்குறிக்குள் யார் பெயர் இருக்கிறது என்று பார்க்க மாட்டார்கள். ஏப்ரலில் இரண்டாவது. மே மாதம் மூன்றாவது, அது பெண் குழந்தை. அதற்குப் பிறகுதான் விசாரணைக் குழு அமைத்துப் பார்த்தார்கள்.

இசபெல் என் வீட்டுக்கு வந்து அழுதாள். “தலைப்ப மாத்துனது நான்தானே ரோனா. உன் மேல ஒரு சொல் விழ விடமாட்டேன்” என்றாள். அப்படியே குழுவின் முன் எல்லாப் பழியையும் தன் தலையில் போட்டுக்கொண்டாள். பத்திரிகைகளில் அவள் படம் வந்தது. பாவம் என்றார்கள், பெரிய மனசு என்றார்கள்.

நேற்று குழுவின் அறிக்கை வந்தது. பன்னிரண்டாம் பக்கத்தில், மூன்று மரணங்களுக்கும் காரணம் ‘கேட்டனக் மற்றும் பிறரின்’ கவனக்குறைவு என்று போட்டிருக்கிறார்கள்.

அதனால்தான் காவல் நிலையத்துக்கு வந்தேன். கவனக்குறைவு இல்லை, பிறரும் இல்லை. நான் ஒருத்திதான் செய்தேன். இந்த வாக்குமூலத்தை யார் எங்கே மேற்கோள் காட்டினாலும் ‘யூல், 2006’ என்று மட்டும் இருக்க வேண்டும். பக்கத்தில் வேறு யார் பெயரும் வரக் கூடாது.