தலை நிமிராத மாப்பிள்ளை

வணக்கம் சொன்னால் பதிலுக்கு ஒரு வணக்கம் வரவேண்டும் என்று எதிர்பார்க்கிறவன் நான், சார். வாயால்கூட வேண்டாம், தலையை அசைத்தாலே போதும். மற்றபடி யார்மேலும் எனக்குக் கோபம் கிடையாது.

அந்தக் கட்டடத்தின் லிஃப்டுகளுக்கு நான்தான் மெக்கானிக். முன்பெல்லாம் லிஃப்டில் ஏறுகிறவர்கள் கூரையைப் பார்ப்பார்கள், கண்ணாடியில் மீசையைப் பார்ப்பார்கள், என்னையும் பார்ப்பார்கள். இப்போது எல்லோருக்கும் தலை தொங்கிவிட்டது. வீடியோ பார்த்துக்கொண்டே ஏறியும் இறங்கியுமாகச் சுற்றி, தன் மாடியில் இறங்கவே மறந்துபோன ஒருவரை நானே தோளைத் தட்டி இறக்கிவிட்டிருக்கிறேன். அவர் என்னைப் பார்க்காமலே நன்றி சொன்னார். லிஃப்டுக்குள் சிக்னல் இல்லை என்று ஆப்பில் எனக்கு ஒற்றை நட்சத்திரம் போட்ட அம்மாவும் உண்டு. லிஃப்டுக்குத்தான் நான் பொறுப்பு, வானத்துக்குமா? ஆனாலும் பொறுத்துக்கொண்டேன். பொறுமையில் என்னை யாரும் குறை சொன்னதில்லை.

மாப்பிள்ளை விஷயத்துக்கு வருகிறேன். என் தங்கையின் கணவர். அதே கட்டடத்தில் ஆறாவது மாடி இன்சூரன்ஸ் ஆபீசில் மேனேஜர். குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார். தங்கமான மனிதர் என்று ஊரே சொல்லும். போன் மட்டும் கையோடு ஒட்டிப் பிறந்தது. தங்கை இடுப்பு வரை இருந்த கூந்தலைக் கழுத்தளவுக்கு வெட்டிக்கொண்டு வந்தாள். நாலு நாள் கழித்து, "ஷாம்பு மாத்திட்டியா?" என்று கேட்டாராம். அதைச் சொல்லிச் சொல்லி அவளும் நானும் சிரித்தோம்.

பிறகு சிரிக்கமுடியாத ஒன்று நடந்தது. தங்கைக்கு மார்பில் ஒரு கட்டி இருக்கிறது, பரிசோதனைக்கு அனுப்பவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதை வந்து அவரிடம் சொல்கிறாள். அவர் போனைப் பார்த்தபடியே, "ம்ம், சூப்பர்" என்கிறார்.

கட்டி ஒன்றுமில்லை என்று வந்துவிட்டது, கடவுள் புண்ணியம். ஆனால் அன்றைக்கு அவள் என்னிடம் வந்து அழுத அழுகை கொஞ்சநஞ்சமல்ல. "விடும்மா, அவரு ஒருநாள் நிமிர்ந்து பாக்கத்தான் போறாரு" என்றேன். தானாக நிமிர்வார் என்ற நம்பிக்கை எனக்கு இருந்ததாகச் சொல்லமாட்டேன்.

சம்பவத்தன்று காலையில் தங்கை போன் செய்தாள். குரலே புதிதாக இருந்தது. "அண்ணா, அவர்கிட்ட எல்லாத்தையும் கொட்டிட்டேன். கண்ணு கலங்கிட்டாரு. இனிமே போனைக் கையில வச்சுக்கிட்டே திரியமாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்காரு" என்றாள்.

"நாய் வாலை நிமித்த முடியுமா?" என்று கேட்டேன்.

"நீ வேணா பாரு. அவரு மாறிட்டாருண்ணா" என்றாள்.

பார்க்கலாம் என்று நினைத்தேன். தப்பாக எதுவும் நினைக்கவில்லை. ஆறாவது மாடியில் கதவு உருளைகளைத் துடைக்கிற வேலை எப்படியும் பாக்கி இருந்தது. லிஃப்ட் பெட்டியை மேல்மாடியில் நிறுத்திவிட்டு, ஆறாவது மாடிக் கதவைச் சாவி போட்டுத் திறந்தேன். கதவுக்குப் பின்னால் வெறும் பள்ளம். இந்த வேலைக்கு எங்கள் முறைப்படி இரண்டு காவல் வைக்கவேண்டும். குறுக்கே இரும்புத் தடுப்பு, அதற்கு முன்னால் 'பழுது, ஏறாதீர்கள்' என்ற மஞ்சள் பலகை. நான் பலகையை மட்டும் வைத்தேன். தடுப்பு இருந்தால் குனிந்து வருகிறவனும் நின்றுவிடுவான், அப்புறம் எதைத் தெரிந்துகொள்வது?

தேநீர் வேளைக்கு அந்த ஆபீசில் முதலில் கிளம்புகிறவர் மாப்பிள்ளைதான். அன்றைக்கு அவருக்கு முன்னால் ஒரு பெண் காதில் ஒயரோடு வந்துவிட்டாள். கையை நீட்டி மறித்து, "படியில போம்மா" என்று அனுப்பிவைத்தேன். நான் ஒன்றும் கல்நெஞ்சக்காரன் இல்லை.

பிறகு அவர் வந்தார். நான் நடைபாதைத் திருப்பத்தில் நின்றிருந்தேன். அங்கிருந்து ஒரு பக்கம் ஆபீஸ் வாசல் தெரியும், மறுபக்கம் லிஃப்ட் தெரியும். அவர் கை இரண்டும் காலி. போன் சட்டைப்பையில் இருந்தது. தலை நேராக இருந்தது. தூரத்திலேயே என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினார்.

"என்ன மச்சான், டீ குடிச்சாச்சா? வாங்க, சேர்ந்து போவோம்" என்றார்.

அவர் என் முகத்தை நேராகப் பார்த்துப் பேசி எத்தனை காலமோ ஆயிற்று. கண் நல்ல கண்தான். எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்கவேண்டும். ஏனோ சப்பென்று போய்விட்டது.

"நீங்க முன்னால போங்க மாப்பிள்ளை, இதோ வரேன்" என்று சொல்லிவிட்டுப் படிக்கட்டுக் கதவுக்குப் பின்னால் ஒதுங்கி, இடுக்கு வழியாகப் பார்த்தேன்.

அவருக்கு அந்த நேரத்தில் போனில் யார் என்ன அனுப்பியது என்று கேட்டீர்கள். ஒரு பூனை வீடியோ, சார். மேசைமேல் இருக்கிற டம்ளரை மெல்ல மெல்ல நகர்த்திக் கீழே தள்ளுகிற பூனை. அவருக்கு அந்த மாதிரி வீடியோ என்றால் உயிர். அனுப்பியது நான்தான்.

பையில் மணி அடித்தது. ஒரு கணம் நின்றார். எடுக்கமாட்டார் என்றுகூட எனக்குத் தோன்றியது. எடுத்துவிட்டார். திருப்பத்தில் திரும்பும்போது கண் போனில் இருந்தது. பலகையை இடிக்கக்கூட இல்லை, அழகாகச் சுற்றிக்கொண்டு போனார். கத்தியிருந்தால் காதில் விழுகிற தூரம்தான். நான் கத்தவில்லை. அவர் சிரிக்கிற சத்தம் கேட்டது, பிறகு கேட்கவில்லை.

தங்கையிடம் இன்னும் யாரும் முழுதாகச் சொல்லவில்லை என்றீர்கள். நீங்களே சொல்லிவிடுங்கள். அவர் மாறவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், பாவம், அவள் நம்பிக்கொண்டிருக்கிறாள்.