பெரிய மணி அடித்த பிற்பகல்

ஓடுகிறேன். மேலே. இடுப்பில் ஒரு குழந்தை, கையில் ஒன்று. இரண்டும் நான்கு வயது தாண்டாதவை. செருப்பு சேற்றோடு போய்விட்டது. மழை கண்ணை மறைக்கிறது. பின்னால் இரைச்சல். லாரி இறங்குவது போன்ற இரைச்சல். அந்தப் பக்கம் ரோடே கிடையாது.

"ஏட்டி, திரும்பிப் பாக்காத! மேல ஏறு! மண்ணு வருது!"

செல்லையா அண்ணன். எங்கள் விடுதியின் காவல்காரர். மேலே எஸ்டேட் ரோட்டில் நின்று கத்துகிறார்.

ஆகஸ்ட் மாதம். வியாழக்கிழமை. மூன்று மணி தாண்டியிருக்கும். மழைக்குக் கலெக்டர் லீவு விட்டிருந்தார். இல்லாவிட்டால் எல்லாரும் பள்ளிக்கூடத்தில் இருந்திருப்போம்.

கேரளத்து வண்டன்மேட்டிலிருந்து உள்ளே, ஏலத்தோட்டங்களுக்கு நடுவே எங்கள் விடுதி. கன்னியாஸ்திரீகள் நடத்தியது. அப்பா அம்மா இல்லாதவர்கள் இருந்தோம். இருந்தும் இல்லாதவர்கள் இருந்தோம். நான் இரண்டாவது வகை. அப்போது பதினாறு வயது. சரிவில் மேலே சமையற்கட்டு. நடுவே படுக்கை அறைகள், முற்றம். கீழே, ஓடைக்கரையில், செபக்கூடம்.

பெரிய பெண் ஒவ்வொருத்திக்கும் ஒரு சின்னது பொறுப்பு. குளிப்பாட்ட வேண்டும். பேன் பார்க்க வேண்டும். பக்கத்தில் படுக்க வைக்க வேண்டும். என் பொறுப்பு மெர்சி. வாளையார் செக்போஸ்ட்டில் லாரிகளுக்கு நடுவே நின்றவள். யாரோ விட்டுப் போயிருந்தார்கள். பெயர்கூட ரோஸ் சிஸ்டர் வைத்ததுதான். வாயைத் திறந்தால் பொய். என் பங்கு முட்டையைத் தின்றுவிட்டு, கோழி வந்து திருப்பி வாங்கிக்கொண்டு போனது என்பாள். அவளை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

எழுந்திருக்க, படிக்க, சோற்றுக்குச் சின்ன மணி. 'மணியடிச்சா சோறு' என்று பள்ளிக்கூடத்தில் எங்களைக் கேலி செய்வார்கள். பெரிய மணி செபக்கூடத்துக்கு மட்டும். அது அடித்தால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு இறங்க வேண்டும். மெர்சி முதல் ஆளாக இறங்குவாள். முன்வரிசைப் பிள்ளைகளின் நெற்றியில் ரோஸ் சிஸ்டர் விரலால் சிலுவை போடுவார். அந்த ஒரு தொடுதலுக்காக. கேக் வாங்கிக்கொண்டு எங்களைப் பார்க்க வருகிறவர்கள், எவ்வளவு பக்தி என்று மெச்சுவார்கள். போட்டோ எடுப்பார்கள்.

அன்று நான் சமையற்கட்டில். ஈர யூனிஃபார்ம்களை அடுப்புக்கு மேலே காயப் போடுகிறேன். முதலில் மரம் முறியும் சத்தம். ஒன்று. பிறகு வரிசையாக. பிறகு ஓடைச் சத்தம் நின்றது. அத்தனை மழையில் ஓடை நின்றது. மேலே எங்கோ மண் சரிந்து அடைத்திருக்க வேண்டும். செல்லையா அண்ணன் மேலிருந்து கத்தினார். பாதிக் குரலை மழை தின்றது.

ரோஸ் சிஸ்டருக்குக் கேட்டது. பிள்ளைகள் ஆளுக்கொரு மூலையில் இருந்தார்கள். அவர் ஓடிப்போய் முற்றத்திலிருந்த பெரிய மணியை அடித்தார்.

நான் அவரைக் குறை சொல்லமாட்டேன். கூப்பிட அவரிடம் வேறு என்ன இருந்தது? முற்றத்தில் கூடட்டும், மேலே ஓட்டிக்கொண்டு போகலாம் என்று நினைத்திருப்பார். பிள்ளைகள் முற்றத்தில் நிற்கவில்லை. பழகிய கால்கள். வரிசையாகப் படியில் இறங்குகிறார்கள். தள்ளுமுள்ளுகூட இல்லை. தப்பி ஓடச் சொல்லும் மணி என்று ஒன்றை எங்களுக்கு யாரும் பழக்கவில்லை.

வரிசையின் தலையில் மெர்சி.

"மெர்சி, போவாதட்டி! மேல வா!"

திரும்பினாள். என்னைப் பார்த்தாள். கீழே கையைக் காட்டினாள்.

"அக்கா, மணி அடிச்சிட்டு!"

பிந்தி வருகிறவளை அவசரப்படுத்துவது போலச் சொன்னாள். இறங்கிவிட்டாள். என் காலடியில், அடுப்போரம், இந்த இரண்டு சின்னதுகள். படிக்கட்டு தூரம். இவை பக்கம். தூக்கினேன். ஓடினேன்.

சிஸ்டர் மணிக்கயிற்றை விட்டுவிட்டுக் கீழே பாய்ந்தார்.

"வெளிய வாங்க! பிள்ளைங்களா, வெளிய!"

கையைப் பிடித்து, சட்டையைப் பிடித்து, கிடைத்ததைப் பிடித்து இழுத்து மேலே தள்ளினார். பெரும்பாலானவர்கள் ஏறி வந்தார்கள். அவர் மறுபடி உள்ளே போனார்.

அப்போதுதான் மலை வந்தது. எஸ்டேட் ரோட்டில் நின்று திரும்பிப் பார்க்கிறேன். செபக்கூடம் இருந்த இடத்தில் ஓடை ஓடுகிறது.

மறுநாள் சிஸ்டரைக் கண்டெடுத்தார்கள். அவர் கைக்குள் யோவான், பத்து வயது. சற்றுத் தள்ளி சகாயமேரி, எட்டு வயது. அதற்கு அடுத்த நாள், வெகுதூரம் கீழே, இன்னொரு குழந்தை. முகம் இல்லை. நீல ஸ்வெட்டர் இருந்தது. நடுப் பொத்தானைக் கறுப்பு நூலில் தைத்தது நான். நீல நூல் அன்று தீர்ந்திருந்தது. மெர்சிதான் என்று சொன்னேன். ஒரே நன்கொடை மூட்டையில் வந்த ஸ்வெட்டர்கள் எல்லா விடுதிகளிலும் உண்டு என்றார்கள். மேலே தோட்டத் தொழிலாளர்கள் குடியிருந்த சில லயங்களும் மண்ணோடு போயிருந்தன. அங்கேயும் குழந்தைகள் இருந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் அதிகாரி கேட்டார். சத்தம் போட்டெல்லாம் இல்லை. தன்மையாகத்தான்.

"பிளட் எடுக்கான் பந்துக்கள் ஆரெங்கிலும் உண்டோ?"

ரத்த சொந்தம் வேண்டும். ஒத்துப் பார்க்க.

"நான் இருக்கேன் சார். நான்தான் அவளுக்கு அக்கா. எடுத்துக்கோங்க."

"கூடப் பிறந்ததா?"

சட்டைக் கையைச் சுருட்டிவிட்டேன். கையை மட்டும் நீட்டியபடி நின்றேன். நர்ஸ் என் சட்டைக் கையை மெதுவாக இறக்கிவிட்டார்.

அரசாங்கக் கணக்கு இது. எங்கள் விடுதியில் இறந்தவர்கள் மூன்று பேர். காணாமல் போனவர் ஒருவர். அது தவிர அடையாளம் தெரியாத உடல் ஒன்று, பெண் குழந்தை, புதைக்கப்பட்டது.

என் கணக்கில் இறந்தவர்கள் நான்கு பேர். ரோஸ் சிஸ்டர். யோவான். சகாயமேரி. மெர்சி. காணாமல் போனவர் யாரும் இல்லை. அவள் எங்கே கிடக்கிறாள் என்று எனக்குத் தெரியும்.