பேரு சொல்லிக் கூப்பிட்டவ

ராத்திரி பன்னெண்டு இருக்கும். கீரனூர் டேசன்ல இருந்து குன்றாண்டார்கோவில் போற ரோடு... இந்தா, நாம கடலைக்குக் காவல் கெடக்குறமே, இதே ரோடுதான். ரெண்டு பக்கமும் புளியமரம். ஒரு கூண்டு வண்டி வருது. சக்கரம் மட்டும் கிறீச்... கிறீச்...னு. வேற ஒரு சத்தம் இல்லை.

லாந்தரைக் கொஞ்சம் எறக்கி வை சூசைராசு. பயமா இருந்தா போர்வையைப் போத்திக்க, குறுக்க மட்டும் பேசாத. என் சிநேகிதன் மலையாண்டியோட அக்கா செவந்தி வீட்டுல நடந்தது இது. அம்பத்தெட்டாம் வருசம். வண்டியை ஓட்டுனதே மலையாண்டிதான்.

உள்ள வைக்கோல் மேல படுத்திருந்தது செவந்தி புருசன் ஆண்டியப்பன். தலை பூரா வெள்ளைக் கட்டு. பக்கத்துல செவந்தி. மெட்ராஸ்ல மண்டையைத் தொறந்து, உள்ள இருந்த கட்டியை எடுத்து, பொழைக்க வச்சு அனுப்பியிருந்தாக. அதுக்கு முன்னாடி மாசக் கணக்கா விடிஞ்சா தலைவலி, வாந்தி, கண்ணு மங்கல். மந்திரிச்சுப் பாத்து ஒண்ணும் ஆகலை. திருச்சி டாக்டர்தான் எழுதிக் குடுத்து, நாள் குறிச்சு ஆபரேசன் ஆச்சு. நல்லபடியாத்தான் ஆச்சு.

ஆபரேசன் முடிஞ்ச அன்னிக்கே நர்சம்மா செவந்தியைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கு. "கட்டியை எடுத்ததோட எங்க வேலை பாதிதான். மிச்சம் உன் கையில இருக்கு. ராத்திரி அப்பப்ப எழுப்பணும். பேரைச் சொல்லிக் கூப்பிடு. 'ம்'ங்கிறாரா, உன் விரலை இறுக்கிப் பிடிக்கிறாரான்னு பாரு. பேருக்குத் திரும்பலைன்னா உடனே ஓடி வா."

செவந்திக்கு அங்கதான் வந்துச்சு வினை. கட்டுன நாள்ல இருந்து புருசன் பேரு அவ வாயில வந்ததே இல்லை. கூடப் பொறந்தவன் பேருல 'ஆண்டி' வருதுன்னு அவனையே தம்பின்னுதான் கூப்பிடுவா. அப்பேர்ப்பட்டவ. "ஏங்க... ஏங்க..."ன்னு எழுப்பியிருக்கா. நர்சம்மா பாத்துட்டுத் திட்டுச்சு. "ஏங்கன்னா எந்த ஆம்பளையும் திரும்புவான். சொந்தப் பேரு ஞாபகம் இருக்கான்னு பாக்கணும்மா."

பக்கத்துக் கட்டில்ல பத்துப் பன்னெண்டு வயசுப் பையன் ஒருத்தன். அவனுக்கும் தலையில அதே ஆபரேசன். பேரு மூக்கன். முன்னாடி பொறந்ததெல்லாம் தங்காமப் போனதால, இவனாவது நிக்கட்டும்னு மூக்குக் குத்தி வச்ச பேரு. கூட இருந்தது அவன் ஆத்தா முத்துமாரியம்மா. கைப்பிள்ளைக்குச் சுட்டு ஒரசிக் குடுப்பாகளே, பிள்ளை மருந்து... ராத்திரியில அதோட பேரைச் சொல்லக் கூடாது... அதை வளந்த மகனுக்கும் நெத்தியில தடவிக்கிட்டே இருப்பாளாம். அவ வந்து நின்னாலே அந்தக் கருகல் வாசம்.

அவதான் சொல்லியிருக்கா. "நீ பேரு சொல்ல வேணாம் தாயி. ஒனக்கும் சேத்து நானே கூப்பிட்டுக்கிறேன்."

அப்பறம் ராத்திரி பூரா அவ குரல்தான். "மூக்கா..." 'ம்.' "ஆண்டியப்பா..." 'ம்.'

ஒரு விடியக்காலம்... மூக்கன் 'ம்' சொல்லலை. தொண்டை கட்டுற வரைக்கும் கூப்பிட்டுப் பாத்தா. அழுகலை. மகனைத் தூக்க வந்தப்ப கட்டில் காலைப் பிடிச்சுக்கிட்டே சாஞ்சா. அவளும் எந்திரிக்கலை. செவந்தி கண்ணு முன்னாடி நடந்தது.

இப்ப வண்டிக்கு வாங்க. நடு ரோட்டுல மாடு ரெண்டும் டக்குன்னு நின்னுச்சு. தார்க்குச்சியால குத்துனாலும் நகரலை. புளியமரத்துப் பக்கமிருந்து ஒரு பொம்பளைக் குரல்... கம்மிப் போன குரல்.

"ஆண்டியப்பா..."

வைக்கோல்ல இருந்து... 'ம்.'

அக்காதான் கூப்பிடுதோன்னு மலையாண்டி திரும்பிப் பாத்தான். அவ முந்தானையை வாயில திணிச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. வண்டிக்குள்ள கருகல் வாசம்.

வீட்டுக்கு வந்தும் விடலை. ராத்திரியானா சன்னலுக்கு அங்கிட்டு நின்னு கூப்பிடும். இவரு 'ம்'பாரு. பூசாரியைக் கூப்பிடுவோம்னு மலையாண்டி சொன்னதுக்கு, செவந்தி வேணாம்னுட்டா.

"நான் பேரு சொல்ல மாட்டேன். மச்சான் பேரை நீயும் சொல்ல மாட்ட. இந்த வீட்டுல வேற யாரு இருக்கா? அவுக பொழைக்கணும் தம்பி. யாரு கூப்பிட்டா என்ன?"

அவ பாத்த பண்டுவத்தைச் சும்மா சொல்லக் கூடாது. கஞ்சியை வடிகட்டிக் கரண்டி கரண்டியா ஊட்டுனா. முதுகு புண்ணாகாமப் பொரட்டிப் போட்டா. வெரலைப் பிடிக்கச் சொல்லிப் பிடிக்கச் சொல்லி, அந்தக் கையில வலு வந்துச்சு. தழும்பு மேல மயிர் மொளைச்சுச்சு. செவுத்தைப் பிடிச்சு நடந்தாரு. எல்லாம் நல்லாத்தான் போச்சு. பேரு கூப்பிடுற வேலையை மட்டும் அந்தச் செத்தவகிட்டயே விட்டுட்டா. சன்னலைக்கூடச் சாத்துறதில்லை.

ஒரு அமாவாசை. மலையாண்டி நடையில படுத்திருக்கான். நாய் கொலைக்கலை. சில்வண்டு சத்தம்கூட நின்னுபோச்சு. அந்த வாசம் வந்துச்சு. இன்னிக்கு ரொம்பக் கிட்டக்க... வீட்டுக்குள்ள.

"மூக்கா..."

படுத்திருந்தவரு விருட்டுன்னு எந்திரிச்சு உக்காந்தாரு.

"என்னாத்தா?"

கொரலு ஆண்டியப்பன் கொரலு இல்லை. இன்னும் ஒடையாத பையன் கொரலு. இருட்டைப் பாத்துச் சிரிக்கிறாரு.

மலையாண்டி உள்ள ஓடியாந்தான். "அக்கா... பேரைச் சொல்லு. மச்சான் பேரைச் சொல்லிக் கூப்பிடு."

செவந்தி வாயைத் தொறக்குறா, மூடுறா. அம்புட்டு வருசத்து வழக்கம், விடலை. கடைசியில அடிவயித்துல இருந்து கத்துனா.

"ஆண்டியப்பா..."

கட்டில்ல இருந்தவரு திரும்பலை. யாரையோ கூப்பிடுறாங்கங்கிற மாதிரி உக்காந்திருந்தாரு.

வெளியில ரோட்டுப் பக்கமிருந்து பதில் வந்துச்சு. ஆண்டியப்பனோட சொந்தக் கொரலு.

"வாரேன் செவந்தி... நீ ஒரு வாட்டி கூப்பிட மாட்டியான்னுதான் அன்னையிலேருந்து நிக்கிறேன்."

கதவைத் தொறந்து ஓடுனாக. புளியமரந்தான் நின்னுச்சு. திரும்பி உள்ள வந்தா வாசமும் இல்லை. கட்டில்ல இருந்தவரு நல்லாத் தூங்குறாரு.

அதுக்கப்பறம் அந்த வீட்டுல யாரும் ராத்திரியில கூப்பிடலை. ஆளு தெளிஞ்சுட்டாரு. டாக்டரே மெச்சுனாரு. இப்பவும் வயலுக்குப் போறாரு, வாராரு. பேரு சொன்னா, கொஞ்சம் யோசிச்சுத் திரும்புவாரு. சும்மா இருக்குற நேரமெல்லாம் மூக்கைத் தடவிக்கிட்டே இருப்பாரு... எதையோ தொலைச்ச மாதிரி. ஆண்டியப்பனுக்கு மூக்குக் குத்துனதே இல்லை.

செவந்தி மட்டும் பொழுது சாஞ்சா ரோட்டுக்கு வந்து நிப்பா. வெக்கம் மானம் பாக்காம, ஊரே கேக்க, புருசன் பேரைச் சொல்லிக் கூப்பிடுவா.

பதில் வருமாடான்னு மலையாண்டியைக் கேட்டேன். வரும்னான். ஆனா மொதல்ல மாதிரி கிட்டக்க இல்லையாம். வரவர தள்ளித் தள்ளித்தான் கேக்குதாம்... கீரனூர் பக்கமா.

இந்தா... நாம உக்காந்திருக்கமே, இங்கிட்டு.