கை சொன்ன எடை

“பையக் கையில தூக்கிப் பாத்தே என் கிட்னியக் காப்பாத்திட்டாளுங்க இவ.”

கோத்தகிரி பஸ்ஸில் முன்சீட்டுக்காரர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். மனைவி ஜன்னலில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

“என்ன பைங்க?”

“மாத்துக் கிட்னி வெச்சப்பறம், வயித்துல டியூப் போட்டு, நீர் வடியறதுக்குப் பை கட்டியிருந்தாங்க. ஒருநாள் தூக்கிப் பாத்து, ‘நேத்து இருந்த கனம் இல்லியே’ன்னா. வடியறது கொறைஞ்சா நல்லதுதானேன்னேன். கேக்காம ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போயிட்டா. ஸ்கேன்ல பாத்தா டியூப் அடைச்சு, நீரெல்லாம் கிட்னியச் சுத்தித் தேங்கி நிக்குது. உடனே வடிச்சுட்டாங்க.”

“கையிலயே எப்படிங்க கண்டுபுடிச்சாங்க?”

“டீ எஸ்டேட்டுல இலை பறிச்சுப் பை பையாச் சுமக்கறவளுங்க.”

“நீங்க?”

“அங்கயே இலை எடை போடறவனுங்க. ‘தராசு கொறைச்சுக் காட்டுது, பை இன்னும் கனமா இருந்துச்சே’ன்னு சொன்ன பொம்பளைங்கள ஒருநாளும் நம்புனதில்லீங்க.”