கூலருக்குள் இருந்தது என்னுடைய கொழுப்பு

என் பெயர் ஒலடிப்போ அகின்யெமி. வயது ஐம்பத்திரண்டு. லாகோஸ் நகரம் சுருலேரேயில் மனைவி மொரெனிக்கேயுடன் வசிக்கிறேன். அரசு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியராகவும் துணைத் தலைமையாசிரியராகவும் இருக்கிறேன். தலைமையாசிரியராக ஆகியிருக்க வேண்டியவன். அந்த நாற்காலியில் இப்போது என்னிடம் பயிற்சி ஆசிரியராக இருந்த ஃபோலரின் பாடேஜோ உட்கார்ந்திருக்கிறார். இது வழக்குக்குத் தேவையில்லை என்று இந்த வாக்குமூலத்தை எழுதும் சார்ஜென்ட் சொன்னார். தேவை என்று நான் சொன்னதால் எழுதிக்கொண்டார்.

பள்ளியின் சென்ற ஆண்டு விழாவில் நான் மேடையேறும்போது பாடேஜோ ஒலிபெருக்கியில், “முதல்ல சாரோட வயிறு வருது, பின்னாடியே சாரும் வந்துட்டு இருக்காரு” என்றார். பெற்றோர்களும் சிரித்தார்கள். அதன் பிறகு நான் உணவைக் குறைத்து, காலையில் நடந்து, ஓரளவு எடை இறங்கியும் இடுப்பையும் மார்பையும் சுற்றியிருந்த சதை அசையாததால், டாக்டர் எபுன் கோக்கரிடம் கொழுப்பை உறிஞ்சி எடுத்துக்கொள்ள முடிவு செய்தேன். பள்ளியில் குடலிறக்கம் என்று சொல்லி விடுப்பு எடுத்தேன். உண்மை என் மனைவிக்கு மட்டும் தெரியும்.

இது எடை குறைக்கும் வைத்தியம் அல்ல, உருவத்தைத் திருத்துவது மட்டுமே என்று டாக்டர் முதலிலேயே சொன்னார். தோலுக்கு அடியில் உள்ளதைத்தான் எடுக்க முடியும், குடலைச் சுற்றியிருப்பதைக் குழாய் தொடாது என்றார். அவர் எங்கே படித்தார், மயக்க மருந்து கொடுப்பவர் யார், நடுவில் மூச்சு நின்றால் என்ன ஏற்பாடு என்றெல்லாம் கேட்டேன். கோபப்படாமல் பதில் சொன்னார். பிறகு நான் என்ன மருந்து சாப்பிடுகிறேன் என்று அவர் கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். “அக்போ குடிப்பீங்களா?” என்றார். தினமும் காலையில் தெருவில் வாங்கிக் குடிக்கும் வேர்க் கஷாயத்தை எங்கள் ஊரில் யார் மருந்து என்று நினைக்கிறார்கள்? அதுவும் ஆஸ்பிரினும் ரத்தம் உறைவதைக் கெடுக்கலாம், நிறுத்தாமல் என் மேல் கை வைக்க மாட்டேன் என்றார். நிறுத்தினேன்.

எடுத்த கொழுப்பு எங்கே போகும் என்று மட்டும் நான் கேட்கவில்லை. அதைக் கேட்டவள் மொரெனிக்கே. எங்கள் பிள்ளைகளின் நஞ்சுக்கொடியை ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்கி வந்து வீட்டு முற்றத்தில்தான் புதைத்தோம். “உங்க உடம்புல இருந்து வந்தது, பாபா டோலு. எவன் கையிலயாவது சிக்குனா பணத்துக்குப் பூசை போட்டுடுவான். வீட்டுக்குக் கொண்டுவந்துடுங்க” என்றாள். டோலு எங்கள் மூத்த மகன்.

பணம் கொழிக்க ஆளைக் கொன்று உறுப்பெடுத்துச் செய்யும் அந்தப் பூசைகளை நான் நம்புகிறவன் அல்ல. ஆனால் அறுவை முடிந்த மறுநாள் நர்ஸ் அந்த ஜாடியைக் காட்டியபோது எனக்கு அதை விட்டுப்போக மனம் வரவில்லை. மேலே எண்ணெய், நடுவில் மஞ்சளாகக் கொழுப்பு, அடியில் இளஞ்சிவப்பு நீர் எனத் தானாகவே அடுக்கடுக்காகப் பிரிந்து நின்றது. இத்தனை வருடம் சுமந்த பொருளை நிதானமாக ஒருமுறை பார்க்க வேண்டும் என்று தோன்றியது. வழக்கமாக எரித்துவிடுவோம் என்ற டாக்டர், பிறகு கையெழுத்து வாங்கிக்கொண்டு, ஜாடியை இறுக மூடிக் கொடுத்தார். துளைகளிலிருந்து ஓரிரு நாள் நீர் கசியும், பயப்படக் கூடாது, இறுக்க உடையைக் கழற்றக் கூடாது, மூச்சு வாங்கினாலோ கெண்டைக்கால் வீங்கினாலோ உடனே வர வேண்டும் என்றும் சொன்னார்.

அதன் பிறகு நானும் என் மனைவியும் விருந்துக்கு ஜொலோஃப் சோறு கொண்டுபோகும் எங்கள் கூலர் பெட்டியில் ஜாடியை வைத்து, டாக்சியில் வந்துகொண்டிருந்தபோது, ஒஜுவெலெக்பா அருகே சோதனைக்கு நிறுத்தினார்கள். ஒரு கான்ஸ்டபிள் கூலரைப் பார்த்து என் மனைவியிடம், “மம்மி, விருந்துல இருந்தா வர்றீங்க? எங்க போலீஸ் பசங்களுக்கு ஏதாவது?” என்றார். சாப்பாடு இல்லை என்று என் மனைவி சொன்னதை நம்பாமல் திறந்தார். ஜாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து இது என்ன என்று கேட்டார். பொய் பேசிப் பழக்கமில்லாத என் மனைவி, “மனுஷக் கொழுப்பு” என்றாள்.

அதன் பிறகு பஸ் கண்டக்டர்களும் மெக்கானிக்குகளும் தண்ணீர் விற்பவர்களும் சூழ்ந்துகொண்டார்கள். எங்கள் டாக்சி டிரைவர் இறங்கி அவர்களோடு சேர்ந்துகொண்டார். யாரோ ஒரு டயரை உருட்டிக்கொண்டு வந்தார்கள். எங்கள் நகரத்தில் அதைக் கழுத்தில் மாட்டிக் கொளுத்துவார்கள் என்பது போலீசாருக்குத் தெரியும். என்னால் ஓட முடியாது, குனியக்கூட முடியாது. அது என்னுடையது என்றேன். “எல்லாப் பூசைக்காரனும் இதைத்தான் சொல்வான், ஓகா” என்று முதலாளியை அழைப்பது போல மரியாதையாகவே சொன்னார் ஒருவர்.

என் மனைவி சட்டையைத் தூக்கச் சொன்னாள். நான் தயங்கினேன். எல்லோர் கையிலும் போன் இருந்தது. “மானத்தை வீட்டுல போய்ப் பாத்துக்கலாம், பாபா டோலு. தூக்குங்க” என்றாள். தூக்கினேன். மார்பிலிருந்து தொடைவரை பெண்கள் போடுவது போன்ற இறுக்க உடை, இரண்டு பக்கமும் நனைந்து இளஞ்சிவப்பாக இருந்தது. கான்ஸ்டபிள் ஜாடியை என் இடுப்பருகே பிடித்து, அடியில் நின்ற நீரையும் உடையின் ஈரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரே நிறம். ஒரு கண்டக்டர், “டொக்குன்போடா! ஓகா பாடியப் பிரிச்சு வேலை பாத்திருக்காரு” என்றார். வெளிநாட்டிலிருந்து கப்பலில் வரும் பழைய காரை டொக்குன்போ என்றுதான் சொல்வோம். எல்லோரும் சிரித்தார்கள். ஆண்டு விழாவில் கேட்ட அதே சிரிப்பு. இந்த முறை அது எனக்கு நிம்மதியாக இருந்தது. டயரைத் திரும்ப உருட்டிக்கொண்டு போனார்கள்.

ஆனாலும் விசாரிக்க வேண்டும் என்று கான்ஸ்டபிள் எங்களை ஜாடியோடு நிலையத்துக்கு அழைத்துவந்தார். இங்கே சார்ஜென்ட் வழக்குக்குத் தேவையில்லாத பல கேள்விகளைக் கேட்டார். வலிக்கும், மரத்தும் போகும் என்றேன். வீக்கம் வடிந்து உருவம் தெரிய மாதக்கணக்காகும் என்றேன். மறுபடி கண்டபடி தின்றால் மிச்சமிருக்கும் கொழுப்பு பெருத்துவிடும் என்றேன். இவற்றை அவர் எழுதவில்லை. எழுதும்படி கேட்டுக்கொண்டேன்.

ஜாமீன் கையெழுத்துக்கு யாரும் அழைக்காமலே, வீடியோவைப் பார்த்துவிட்டு, பாடேஜோ வந்தார். சார்ஜென்ட் முத்திரை எடுக்க உள்ளே போனபோது குரலைத் தாழ்த்தி, “ரொம்ப வலிச்சுதா, சார்?” என்றார். பிறகு, “அந்த டாக்டர் பேரு என்ன?” என்றார். அவருடைய சட்டையின் நடுப் பொத்தான் தெறிக்கிற நிலையில் இருந்ததை அப்போதுதான் கவனித்தேன். “முதல்ல அக்போவ நிறுத்துங்க” என்றேன். இந்த வாக்குமூலத்தில் மேலே உள்ள டாக்டரின் பெயரை அவருக்குக் காட்ட வேண்டாம்.

ஜாடியின் மேல் நிலையத்தில் ‘மனித உடல் எச்சம்’ என்று சீட்டு ஒட்டியிருப்பதை ஆட்சேபிக்கிறேன். நான் உயிரோடு இருக்கிறேன். அதை என்னிடம் திருப்பித் தர வேண்டும். வீட்டு முற்றத்தில் குழி தயாராக இருக்கிறது.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, நடந்ததும் இதுவே. உட்கார முடியாததால் நின்றபடி கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) ஒ. அகின்யெமி